தீவு வரிசையில் ஒரு மேசை

சிட்னியில் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்கு அண்மையில் உள்ள மண்டபமொன்றில் ஆண்டுக்கு ஒருமுறை ‘ஊர் நாள்’ நடக்கும். யாழ்ப்பாணத்தின் ஒவ்வோர் ஊரவரும் அங்கே ஒரு மேசை போடுவார்கள். மேசையில் ஊரின் வரைபடம், கோயிலின் படம், பள்ளிக்கூடத்தின் படம், மறைந்த பெரியவர்களின் படங்கள், ஓரத்தில் ஊருக்குப் பேர்போன ஒரு தின்பண்டம் ஆகியவை இருக்கும். பின்னேரமானதும் மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தத்தம் ஊரின் வரலாற்றையும் பார்க்கத்தக்க இடங்களையும் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் என்பது விதி. அந்த விதியை இதுவரை எவரும் மதித்ததாகத் தகவல் இல்லை.

அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பு, தவமலர் தம் மகள் பிரவீணாவின் காரில் நார்த்மீட்டில் இருக்கும் சிறிதரன் வீட்டுக்குப் போனார். சிறிதரன் ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஊர் நாள் குழுவின் தலைவர். காலஞ்சென்ற கௌரிசங்கருக்கு, அதாவது தவமலரின் கணவருக்கு, ஒன்றுவிட்ட அண்ணன். இருவரும் கோப்பாயில் ஒரே வளவில் வளர்ந்தவர்கள்.

“சிறியத்தான், எனக்கும் ஒரு மேசை வேணும்.”

“எழுவைதீவுக்கோ? போடும், போடும். அந்த ஊருக்கு இண்டைவரைக்கும் ஒருத்தரும் போடேல்லை.”

“எழுவைதீவுக்கு இல்லை. ஹேர்ன்சிக்கு.”

சிறிதரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அது ஆற்றை ஊர்?”

“என்ரை ஊர். உங்கட தம்பியின்ரை ஊர்.”

“என்ரை தம்பியின்ரை ஊர் கோப்பாய்.”

“அவர் கோப்பாயிலை பிறந்தவர். ஹேர்ன்சியிலை இருந்தவர்.”

“இருந்த இடமெல்லாம் ஊராகுமே? நான் மூண்டு வருஷம் சவூதியிலை இருந்தனான். அதுக்காண்டி றியாத்துக்கு மேசை போடட்டோ?”

“போடுங்கோ. அங்கை உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தர் இருந்தால் போடுங்கோ.”

சிறிதரனுக்குச் சிரிப்பு வரவில்லை. “தவம், நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்லுறது? வெள்ளைக்காரன்ரை ஊருக்கு எங்கட மண்டபத்திலை மேசையோ? அவங்கள் எங்களை ஆண்டது காணாதே?”

“எங்களை ஆண்டவை ஹேர்ன்சியிலை இருக்கேல்லை, அத்தான். அங்கை இருந்தவை சிப்பி பொறுக்கினவை.”

அதன்பிறகுதான் ஏழு வருடமாக அடக்கி வைத்திருந்த பேச்சு வெளியே வந்தது. கௌரிசங்கரின் அஸ்தியைக் கீரிமலைக்குக் கொண்டுபோகாமல், எவரையும் கேளாமல், கண்ட சேற்றுத் தண்ணீரில் கரைத்தவருக்கு இப்போது மேசையும் வேண்டுமாம் என்றார் சிறிதரன். தம்பியின் படத்தைத் தாமே பெரிதாக்கி, சட்டம் போட்டு, கோப்பாய் மேசையில் வைக்கப்போவதாகவும் சொன்னார். “விருப்பமெண்டால் அதுக்குப் பக்கத்திலை வந்து இரும்.”

தவமலர் எழுந்து நின்றார். “அவரின்ரை படம் ஹேர்ன்சி மேசையிலைதான் நிக்கும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

காரில் பிரவீணா, “அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ டேபிள்” என்றாள்.

“மேசைதான். ஒரு மேசையே தராதவை வேற என்னத்தைத் தரப்போகினம்?”

இந்த மேசைச் சண்டை எங்கிருந்து கிளம்பியது என்பது விளங்க, தவமலரின் கதையைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அவர் எழுவைதீவில் பிறந்தார். சின்ன வயதிலேயே படிப்புக்காக யாழ்ப்பாண நகரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘தீவாள்’. யாழ்ப்பாணத்தார் ‘தீவார்’ என்று சொல்லும்போது சொல்லோடு கூடவே மூக்கும் சற்றுச் சுளியும். அந்தச் சுளிப்பை அறியாத தீவுப்பகுதிக்காரர் எவரும் இல்லை. கோப்பாய்க் கௌரிசங்கருக்கு அவரைப் பேசியபோதும் மாப்பிள்ளை வீட்டில், “தீவிலையோ பொம்பிளை எடுக்கிறியள்?” என்று ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர்களில் சிறிதரனும் ஒருவர். தவமலர் அதை மறக்கவுமில்லை, மறந்ததாகக் காட்டிக்கொள்ளவுமில்லை.

கலியாணம் முடிந்து இருவரும் இங்கிலாந்துக்குப் போனார்கள். லண்டனில் சில வருடம் பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்த கௌரிசங்கர், ஒரு நாள் விளம்பரமொன்றைப் பார்த்துவிட்டுத் தீவொன்றில் கடை விலைக்கு வருகிறது என்றார். முத்திரை விற்கும் தபால் கருமபீடத்தோடு கூடிய பலசரக்குக் கடை. அந்தத் தீவில் அதைத் தவிர வேறு கடை இல்லை. “தீவெண்டால் எனக்குப் பயமில்லை” என்றார் தவமலர். பிரவீணா கைக்குழந்தையாக இருந்தபோது ஹேர்ன்சிக்கு வந்தவர்கள், இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தார்கள்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் சேற்றில் படுத்திருக்கும் தட்டையான சிறு நிலம் ஹேர்ன்சி. தீவுக்கும் அதிலுள்ள ஒரே கிராமத்துக்கும் அதே பெயர். பெருநிலத்தோடு அதை இணைப்பது, கடலுக்குக் குறுக்கே தாழப் போட்ட பாதையான தாம்போதி ஒன்று. கடல் வற்றும்போது அதன் மேல் கார் ஓடும். பெருக்கில் மீன் ஓடும். அக்கரையில் இருந்தவர்கள் ஹேர்ன்சிக்காரரைச் ‘சேற்றுக்காலர்’ என்று கேலி செய்வதைக் கடையில் முதன்முதலாகக் கேட்ட அன்று தவமலர் வாய்விட்டுச் சிரித்தார். கௌரிசங்கருக்குக் காரணம் விளங்கவில்லை. “நீங்கள் கோப்பாய். உங்களுக்கு விளங்காது” என்று சொல்லிவிட்டுப் பாண்களை அடுக்கப் போய்விட்டார்.

ஆனால் ஊரவர் அவர்களை உடனே மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அதற்குக் கௌரிசங்கரே வழியும் செய்து வைத்தார். கடையைத் திறப்பதற்கு முன் பால் காய்ச்ச வேண்டும், அதற்கு முன் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நின்று, உள்ளும் புறமும் தாமே பூசி முடித்தார். வாசல் சுவரில் தோளுயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. பழைய ஊத்தை என்று நினைத்து அதன் மேல் மூன்று பூச்சுப் பூசினார். அந்த ஊத்தைதான் ஐம்பத்துமூன்றாம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கடல் வந்து நின்ற உயரம். அந்த வெள்ளத்தில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் ஊரில் இருந்தன. கடை திறந்தது, பால் பொங்கியது, வாங்குவதற்கு ஒருவரும் வரவில்லை.

சிப்பிப் படகுக்காரரான வோல்ரர் என்பவர் மட்டும் வாசலுக்கு வந்து சுவரைப் பார்த்தார், நிலத்தில் துப்பினார், போய்விட்டார். தவமலர் அவரைப் பின்தொடர்ந்து ஓடி, மறித்து நின்று, என்ன குற்றம் என்று கேட்டார். அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்ததும், கௌரிசங்கர் சவர அலகு ஒன்றை எடுத்துச் சுவரின் முன் குந்தினார். மூன்று பூச்சையும் விரல் விரலாகச் சுரண்டினார். கோடு முழுதாக வெளிவர நாட்கள் பல சென்றன. வெளிவந்த அன்று வோல்ரர் வந்து ஒரு தீப்பெட்டி வாங்கினார். அவர் புகைபிடிப்பதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

இந்த ஹேர்ன்சிக்குத்தான் மேசை இல்லை என்றார் சிறிதரன். கௌரிசங்கர் மறைந்து இரண்டு வருடத்தில் கடையைக் கைமாற்றிவிட்டு மகளிடம் சிட்னிக்கு வந்த தவமலருக்கு, எங்கே போனாலும் “நீங்கள் எந்த ஊர்?” என்பதுதான் முதற் கேள்வி. ஹேர்ன்சி என்றால், “அதில்லை அன்ரி, சொந்த ஊர்?” என்று மறுபடி கேட்பார்கள். ஹேர்ன்சிக்கு வரும் சுற்றுலாக்காரரும் முன்பு அதே கேள்வியை அதே தொனியில்தான் கேட்டார்கள். இரண்டு கரையிலும் ஒரே கேள்வி. அதற்கு இனிமேல் ஒரே பதில்தான் என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

நார்த்மீட்டிலிருந்து திரும்பிய அன்றே அவர் வைதேகியைத் தொலைபேசியில் அழைத்தார். மண்டபத்தில் மேசைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு வைதேகியுடையது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பெண், வல்வெட்டித்துறைக்காரர் ஒருவரை மணந்து குழுவுக்குள் வந்தவர். தவமலர் சுற்றி வளைக்கவில்லை. “எனக்கு ஒரு மேசை வேணும். ஊர் ஹேர்ன்சித்தீவு.”

“சரிங்க ஆன்ட்டி, போட்டுர்றேன்” என்றார் வைதேகி.

ஊர் நாளன்று, ஏதாவது மூலையில், கழிவறைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்றுதான் தவமலர் எதிர்பார்த்துப் போனார். போய்ப் பார்த்தால், மண்டபத்தின் நடுவே தீவுப்பகுதி வரிசையில், நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் இடையே ‘ஹேர்ன்சித்தீவு’ என்ற அட்டை கம்பீரமாக நின்றது. அவர் உடனே மேசைவிரிப்பை விரித்தார். வரைபடம், மணியில்லாத தேவாலயக் கோபுரத்தின் படம், பழைய உப்பு மேடுகளின் படம், தாம்போதியில் கூரை மட்டும் தெரிய மூழ்கிக் கிடக்கும் கார் ஒன்றின் படம் எல்லாவற்றையும் வைத்தார். முன்னால் ஒரு பெரிய தட்டில் உமரிக் கீரை வறை. ஹேர்ன்சியின் சேற்றில் விளையும் உமரியும் தீவுப்பகுதி உவர்நிலத்து உமரியும் கிட்டத்தட்ட ஒரே சாதி. சிட்னி மீன்சந்தையில் வாங்கித் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்திருந்தார்.

சிறிதரன் கண்டுவிட்டார். “இது ஆர் இங்கை வைச்சது?”

“நான்தான் அங்கிள்” என்று ஓடி வந்தார் வைதேகி. “தீவுன்னு சொன்னாங்க, தீவு வரிசையில வச்சேன். நயினாதீவு, நெடுந்தீவு, ஹேர்ன்சித்தீவு, அனலைதீவு. ஏன், ஆர்டர் மாறிடுச்சா?”

அனலைதீவு மேசையில் இருந்த சிவமணி, ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “ஓடர் சரி பிள்ளை. தூரம்தான் கொஞ்சம் கூட.”

“சிவமணி, நீங்களும் பகிடி விடாதையுங்கோ. இது இங்கிலாந்திலை கிடக்கிற இடம்.”

வைதேகியின் முகம் வாடிப்போயிற்று. “எனக்குத் தெரியாதுங்க. உங்க தீவெல்லாம் நான் பார்த்ததில்லையே.”

சிவமணி எழுந்து வந்து வரைபடத்தின் மேல் குனிந்தார். “தங்கச்சி, உது தாம்போதியோ?”

“ஓம் அண்ணை.”

“பெருக்குக்குத் தாழுமோ?”

“ஒவ்வொரு பெருக்குக்கும் தாழும்.”

“அப்ப தீவுதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு பிடி உமரி வறையை எடுத்துக்கொண்டு தம் இடத்துக்குப் போனார்.

ஆட்கள் நிறையத் தொடங்கியிருந்தார்கள். நடு மண்டபத்தில் சண்டை பிடிப்பது தலைவருக்கு அழகல்ல. “மேசை நிக்கட்டும். மேடை கிடையாது” என்று சிறிதரன் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு நகர்ந்தார். நகரும்போது எதிர் வரிசையில் கோப்பாய் மேசையில் நின்ற படத்தை நேராக்கினார். வேட்டியும் அரும்பு மீசையுமாகச் சிரித்துக்கொண்டிருந்த வாலிபக் கௌரிசங்கர். கீழே ‘கோப்பாய் ஈன்ற மைந்தன்’ என்று எழுதியிருந்தது. தவமலர் வைத்திருந்தது சின்னப் படம். அதில் கௌரிசங்கருக்கு நரைத்துவிட்டது. முழங்கால் வரை றப்பர் சப்பாத்து அணிந்து, கடை வாசலில் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

பின்னேரம் சிறிதரன் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். நெடுந்தீவுக்காரர் குதிரைகளைப் பற்றிப் பேசி முடித்து இறங்கினார். “அடுத்தது அனலைதீவு.”

சிவமணி எழும்பவில்லை. “எனக்கு முன்னாலை ஒரு தீவு கிடக்கு. அது முடியட்டும்.”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தவமலர் அதற்குள் மேடைப் படியில் கால் வைத்துவிட்டார். சிறிதரன் ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தவமலர் அதைக் கேட்கவுமில்லை. கடற்காற்றுக்கு மேலால் இருபத்திரண்டு வருடம் கதைத்த குரல் அது.

“என்ரை பேர் தவமலர். ஊர் ஹேர்ன்சி. அங்கை ஒரு தேவாலயம் இருக்கு, அதுக்கு மணி இல்லை. ஒரு காலத்திலை படகிலை கொண்டு வரேக்கை மணி சேத்துக்கை தாண்டு போச்சுதாம். காத்தடிச்சால் அடியிலையிருந்து சத்தம் கேக்குதெண்டு ஊரிலை எல்லாரும் சொல்லுவினம். நான் ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டனான் எண்டு சொல்லியிருந்தால் என்னைக் கெதியிலை சேர்த்திருப்பினம். அதுக்காண்டிப் பொய் சொல்லேல்லை.”

யாரோ சிரித்தார்கள். அவர் தொடர்ந்தார். உரோமர் வருவதற்கும் முன்பே அங்கே உப்புக் காய்ச்சிய மேடுகளைச் சொன்னார். குளிர்காலத்தில் வடதுருவப் பக்கமிருந்து வந்து இறங்கும் வாத்துக் கூட்டத்தைச் சொன்னார். சுவரில் இருந்த வெள்ளக் கோட்டையும், புருஷன் அதன் மேல் வெள்ளையடித்த கதையையும் சொன்னபோது மண்டபம் குலுங்கியது. புதுவீட்டுக்கு வெள்ளையடிக்காமல் பால் காய்ச்சிய ஆள் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

“பார்க்க வேண்டிய இடம் எண்டால் தாம்போதிதான். ஒவ்வொரு கோடையிலையும் வெளியிலையிருந்து வாற ஆரோ ஒருத்தன் பெருக்கைக் கணக்கெடுக்காமல் காரை விடுவான். ஊரிலை உள்ளவை கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அணைக்கட்டிலை இருந்து பாப்பினம். அதைப் பாக்கேலாமல்தான் இவர் கடை வாசல் பலகையிலை ஒவ்வொரு நாளும் பாதை திறக்கிற நேரத்தை எழுதத் தொடங்கினவர். ஊரிலை கொஞ்சப் பேருக்கு அதாலை இவரிலை கோவம். பொழுதுபோக்கைக் கெடுத்துப்போட்டாராம்.”

சிறிதரன் பொறுக்கவில்லை. ஒலிவாங்கி அவரிடம்தானே இருந்தது. “அந்த ஊரிலை எத்தினை தமிழ்க் குடும்பம் இருந்தது?”

“ஒண்டு.”

“ஒரு குடும்பம் இருந்தால் அது எங்கட ஊரோ?”

“அந்த ஒண்டைத் தூக்க ஆறு பேர் வந்தவை, அத்தான்” என்றார் தவமலர்.

மண்டபத்தில் சிரிப்பு ஓய்ந்தது. அவர் குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

“இவருக்கு நெஞ்சுக்குத்து வந்தது ஒரு காலமை. நல்ல பெருக்கு. அம்புலன்ஸ் அக்கரையிலை வந்து நிக்குது, தாம்போதி தண்ணிக்குக் கீழை. ஹெலிகொப்ரர் வரச் சுணங்குமெண்டினம். வோல்ரர் எண்ட கிழவன் சிப்பிப் படகைக் கொண்டு வந்தார். ஆறு பேர் இவரைக் கதவுப் பலகையிலை கிடத்தித் தூக்கி ஏத்தினவை. அக்கரையிலை ஆழமில்லை, படகு சேத்திலை இறுகிப்போச்சு. ஆறு பேரும் இடுப்பளவு சேத்திலை குதிச்சு இழுத்தவை. வோல்ரருக்கு எண்பது வயசு, அவரும் குதிச்சார். இவர் என்ரை கையைப் பிடிச்சு, ‘பலகையிலை நேரம் எழுதேல்லை, ஆரும் காரை விடப்போறாங்கள்’ எண்டார். அதுதான் கடைசியாக் கதைச்சது. கரைக்குப் போக முந்தியே முடிஞ்சுது.”

அவர் சிறிதரனைப் பார்த்தார். “கோப்பாயிலை எண்டாலும் அவரைத் தூக்க ஆள் வந்திருக்கும். எனக்குத் தெரியும். ஆனால் தூக்கினது ஹேர்ன்சி. அந்தத் தண்ணியிலைதான் அவரைக் கரைச்சனான். அப்பவும் ஆரட்டையும் உத்தரவு கேக்கேல்லை. இப்பவும் கேக்கேல்லை. வறை கொஞ்சம் மிச்சம் கிடக்கு, வந்து சாப்பிடுங்கோ.”

இறங்கியவர் தம் மேசைக்குப் போகவில்லை. எதிர் வரிசைக்கு நடந்தார். கோப்பாய் மேசையில் நின்ற படத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அங்கே இருந்தவர்கள் தடுப்பதா விடுவதா என்று சிறிதரனைப் பார்த்தார்கள். சிறிதரன் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே நின்றார். தவமலர் மண்டபத்தைக் குறுக்கே கடந்து, றப்பர் சப்பாத்துக்காரருக்குப் பக்கத்தில் அரும்பு மீசைக்காரரை வைத்தார். ‘கோப்பாய் ஈன்ற மைந்தன்’ என்ற வரியை அவர் மறைக்கவில்லை. அது பொய்யில்லையே.

“இனி நான் வரலாம்” என்று எழும்பினார் சிவமணி. “அனலைதீவைப் பற்றிப் போன வருஷமே சொல்லிப்போட்டன். அது இன்னும் அங்கைதான் கிடக்கு.”

கூட்டம் கலைந்து மேசைகளை மடக்கும் நேரத்தில் சிறிதரன் வந்தார். தட்டில் ஒட்டிக் கிடந்த உமரியை விரலால் எடுத்து வாயில் போட்டார். வரைபடத்தைப் பார்த்தார். “எவ்விடத்திலை?”

தவமலர் தாம்போதிக்குத் தெற்கே, ஓடை திரும்பும் இடத்தில் விரலை வைத்தார்.

“ஆறு பேர் தூக்கினவை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“நீங்கள் அஸ்தியைப் பற்றித்தானே கேட்டனீங்கள். ஆர் தூக்கினது எண்டு கேக்கேல்லை.”

சிறிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தலைவரின் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. “வாற வருஷம் ‘பிற ஊர்கள்’ எண்டு ஒரு வரிசை போடலாமெண்டு நினைக்கிறன். லண்டன், பாரிஸ் எண்டு இருக்கிறவையும் வரலாம். முதல் மேசை உமக்கு.”

“வேண்டாம்.”

“ஏன்? நீர் கேட்டதுதானே?”

“பிற எண்டால் நான் வரமாட்டன். இந்த வரிசைதான். இதிலை இடமில்லையெண்டால் நெடுந்தீவுக்கும் அங்காலை தள்ளிப் போடுங்கோ. ஆனால் தீவு வரிசை.”

சிறிதரன் வைதேகியைத் திரும்பிப் பார்த்தார். வைதேகி மடித்த விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, “நான் ஏற்கெனவே அப்படித்தானே அங்கிள் வச்சேன்” என்றார்.

பிரவீணா மேசையின் காலை மடக்கினாள். தவமலர் இரண்டு படங்களையும் முகத்துக்கு முகம் பார்க்க ஒன்றாக அடுக்கி, ஹேர்ன்சியின் வரைபடத்தால் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

“தவம், அந்தப் பெரிய படம் நான் காசு குடுத்துச் செய்வித்தது.”

“தெரியும் அத்தான். நாளைக்கு உங்களுக்கு அதிலை ஒரு கொப்பி எடுத்துத் தாறன்” என்றார் தவமலர்.